அப்ரோடைட்டிக்குத் தாய்மடி உண்டு

அக்கா மகள் பள்ளி வினாடி வினாவில் "அப்ரோடைட்டியின் தந்தை யார்?" என்ற கேள்விக்கு "சீயஸ்" என்று எழுதியிருக்கிறாள். அப்ரோடைட்டி கிரேக்கர்களின் காதல் தேவி, சீயஸ் தேவர்களின் அரசர். தவறு என்று அடித்துவிட்டார்கள். கடல் நுரையில் பிறந்தவளுக்குத் தாய் தந்தை கிடையாதாம். பிள்ளை முகம் வாடி வந்து நின்றதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அவள் எழுதியது கிரேக்கக் காவியக் கவி ஹோமர் சொன்ன விடை!

நுரைக் கதை இன்னொரு பழங்கிரேக்கக் கவி ஹெசியோடுடையது. குரோனஸ் தன் தந்தை யுரேனஸின் குறியை அரிவாளால் அறுத்துக் கடலில் வீசுகிறான். அதைச் சுற்றித் திரண்ட நுரையில் உருவானவள் சைப்ரஸில் கரையேறுகிறாள். கிரேக்கத்தில் 'அப்ரோஸ்' என்றால் நுரை. அவள் பெயருக்கே பொருள் சொல்லும் கதை அது.

ஆனால் ஹோமரின் டிராய்ப் போர்க் காவியமான இலியட்டின் ஐந்தாம் காண்டத்தைப் படித்துப் பாருங்கள். மகன் ஈனியாஸைக் காக்கப் போர்க்களத்தில் இறங்கியவளின் கையைக் கிரேக்க வீரன் டயோமிடிஸின் ஈட்டி கிழித்துவிடுகிறது. வலி பொறுக்காமல் தேவர்கள் வாழும் ஒலிம்பஸுக்குப் போய்த் தாய் டயோனியின் மடியில் விழுகிறாள். டயோனி மகளை அணைத்துக்கொள்கிறாள். மனிதர்களால் துன்பப்பட்ட மற்ற தேவர்களின் கதைகளைச் சொல்லித் தேற்றுகிறாள். தன் இரு கைகளாலும் காயத்தைத் துடைத்துவிடுகிறாள், புண் ஆறிவிடுகிறது. நுரையில் பிறந்தவளுக்கு இந்த மடி ஏது? இந்தக் காட்சிக்கு ஒரு தாய் வேண்டும், ஹோமரிடம் இருக்கிறாள். தந்தையாகச் சீயஸும் இருக்கிறார்.

தேவர்களின் கொல்லன் ஹெபஸ்டஸின் கதை இன்னும் அழகு. அவன் வானிலிருந்து எறியப்பட்டதை ஒரே இலியட் இரண்டு விதமாகச் சொல்கிறது. முதல் காண்டத்தில் எறிபவர் சீயஸ். பகலெல்லாம் விழுந்து, பொழுது சாயும் நேரத்தில் லெம்னோஸ் தீவில் கிடக்கிறான். பதினெட்டாம் காண்டத்தில் எறிபவள் பெற்ற தாய், சீயஸின் மனைவி ஹீரா, மகன் கால் ஊனம் என்பதற்காக. கடல் தேவி தெட்டிஸ்தான் ஏந்திக் காக்கிறாள். முன்னதை அவன் சொல்வது, கணவனோடு மோதவேண்டாம் என்று ஹீராவைத் தணிக்கும்போது. பின்னதைச் சொல்வது, தன் மகன் அக்கிலிஸுக்குக் கவசம் கேட்டுத் தெட்டிஸ் வீடு தேடி வரும்போது. கேட்பவர் யாரோ, அவருக்கு உரிய கதை வருகிறது. இதைப் போய் முரண்பாடு என்று ஒதுக்க எப்படி மனம் வருகிறது?

கிரேக்கர்களுக்கு எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒற்றை வேதநூல் இருந்ததில்லை. சீயஸ் பிறந்தது எங்கள் மண்ணில்தான் என்று கிரீட்டும் சொன்னது, ஆர்க்கேடியாவும் சொன்னது, மெசினியாவும் சொன்னது.

'ஹெசியோட் கூற்றுப்படி' என்று இரண்டு சொல் சேர்த்துக் கேட்டிருந்தால் அந்தக் கேள்வியில் குறையே இல்லை. அந்த விடைக்கு மதிப்பெண் தரவேண்டும் என்று நாளை பள்ளிக்குக் கடிதம் எழுதப்போகிறேன். டயோனி மகளின் கையைத் துடைக்கும் வரிகளையும் படியெடுத்து இணைக்கிறேன்.