ஃபியூயல் செல் சரி, ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது?

என்னிடம் ஒரு சின்ன செயல்முறை கிட் இருக்கிறது. தீப்பெட்டி அளவில் ஒரு ஃபியூயல் செல் (ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் கருவி), இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள், ஒரு குட்டிக் காற்றாடி. தண்ணீர் ஊற்றி பேட்டரியை மாட்டினால் குழாய்களில் குமிழ் குமிழாக வாயு ஏறும். ஒரு குழாயில் சேர்வது மற்றதைப்போல இரண்டு மடங்கு, அதுதான் ஹைட்ரஜன். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காற்றாடியை மாட்டினால் புகையில்லாமல், சத்தமில்லாமல் சுற்றும். சுற்றச் சுற்றக் குழாயில் வாயு குறைந்து தண்ணீர் மட்டம் ஏறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

பார்க்கிறவர்கள் சொல்வதுதான் அலுத்துவிட்டது. "அப்போ இனிமே தண்ணீரிலேயே வண்டி ஓட்டலாம்!" முதலில் மாட்டிய பேட்டரி அதற்குள் எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும்.

நிலக்கரி, பெட்ரோல், சூரிய ஒளி என்ற வரிசையில் ஃபியூயல் செல்லையும் சேர்த்து எழுதுவதை நிறையப் பார்க்கிறேன். அது அந்த வரிசையிலேயே வராது. அது இன்ஜினுக்குப் போட்டி, எரிபொருளுக்கு அல்ல. ஹைட்ரஜனை யாராவது தயாரித்துக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும்.

கணக்கைப் பாருங்கள். மின்பகுப்பு முறையில் தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவுக்குள் இருப்பது சுமார் 33 யூனிட். ஃபியூயல் செல் அதில் ஏறக்குறைய பாதியைத்தான் மின்சாரமாகத் திருப்பித் தரும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, 50 போட்டு 16, 17 எடுக்கிறோம். கார் டேங்கில் 700 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல சுமார் 700 மடங்கு அழுத்தத்தில் அடைக்கும் செலவு இதில் சேரவில்லை. அதே 50 யூனிட்டை லித்தியம் பேட்டரியில் ஏற்றினால் 40-க்குக் குறையாமல் திரும்பி வரும்.

இதுவும் சுத்தமான மின்சாரத்தில் செய்தால். இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பங்கு இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்து வருகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் 9 கிலோவுக்குக் குறையாமல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். வண்டியின் புகைக்குழாயைக் கழற்றி ஆலையில் மாட்டியதுதான் மிச்சம்.

ஃபியூயல் செல் ஒன்றும் புதுச் சரக்கும் இல்லை. பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் குரோவ் இதைச் செய்துகாட்டியது 1839 வாக்கில். அப்பல்லோ விண்கலங்களுக்கு மின்சாரம் தந்ததும் இதுதான். அதில் உண்டான தண்ணீரைத்தான் விண்வெளி வீரர்கள் குடித்தார்கள். எடைதான் அங்கே பெரிய கவலை, செலவு இரண்டாம்பட்சம். 1970-ல் அப்பல்லோ 13-ல் ஆக்சிஜன் தொட்டி வெடித்ததும் மூன்று செல்களும் அடங்கிப்போயின. செல்லில் ஒரு கோளாறும் இல்லை, உள்ளே வரவேண்டியது வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக இதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெர்மனியின் 212 ரக நீர்மூழ்கிகள் இதை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சத்தமில்லாமல் தண்ணீருக்கடியில் இருக்கின்றன. டீசல் இன்ஜினால் அது நடக்குமா? தொலைதூரக் கப்பலைப் பேட்டரியில் ஓட்ட நினைத்தால் பேட்டரியே சரக்கின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கெல்லாம் ஃபியூயல் செல் தாராளமாக வரட்டும், கைதட்ட நான் தயார். சொந்தக் கார் வாங்குகிறவர்கள் மட்டும் என்னிடம் யோசனை கேட்காதீர்கள், திரும்பவும் அந்தக் கிட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.