பதில் வராத ஜெபத்தோடு சபைக்கு வருகிறவர்கள்

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தால் மைக் யார் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியும். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தவர், முதல் ஸ்கேனில் இருந்த கட்டி அடுத்த ஸ்கேனில் காணாமல் போனவர், தட்டிப்போன கல்யாணம் கூடி வந்தவர். நல்லது, ஸ்தோத்திரம். அவர்களோடு சேர்ந்து நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் வருஷக்கணக்கில் கேட்டும் ஒன்றும் நடக்காமல், அடுத்த வாரமும் பைபிளைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருகிறார்களே, அவர்கள் பேச நம் சபைகளில் இடமே இல்லை. விசுவாசம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அவர்களைத்தான் காட்டுவேன்.

என் பெரியம்மா பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். போர்வெல் தண்ணீர் குடித்தே வளர்ந்த தலைமுறை. தர்மபுரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கும் தண்ணீரைச் சிறுவயதிலிருந்து குடித்தால் பல்லில் காவிக்கறை விழும். அளவு இன்னும் கூடினால், வருஷங்கள் போகப்போக எலும்பில் படிந்து மூட்டும் முதுகும் இறுகிவிடும். பெரியம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வளைந்துவிட்டன. முழங்காற்படியிட முடியாது, பாயில் உட்காரவும் முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, இடது காலை முன்னால் நீட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மெதுவாக இறங்குவார். உட்கார்ந்ததும் முதலில் "அப்பா"தான் வரும்.

எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். உபவாசம் இருந்தார்கள். கன்வென்ஷனில் முன்னால் அழைத்துக் கை வைத்தார்கள். கால் நிமிரவில்லை. கடைசியில் ஒரு ஊழியர், "அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கும்மா, அதான் தடை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் நிலத்துப் பாறையிலிருந்து கரைந்து வந்த ஃபுளோரைடு ஊரில் எல்லார் வீட்டுக் குடத்திலும்தான் இருந்தது. எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவிடம் அவருடைய சிநேகிதர்கள் பேசியதும் இதே பேச்சுதான். அவர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கோபப்பட்டது யோபு 42இல் இருக்கிறது. பிரசங்கம் பண்ணுகிறவர்கள் அதையும் படிக்க வேண்டும்.

2013இல், காவிரித் தண்ணீரை எங்கள் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. பெரியம்மாவின் பேரப்பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாகத்தான் இருக்கிறது. "பாத்தீங்களா, இதுதான் உங்க ஜெபத்துக்குப் பதில்" என்று சிலர் அவரிடம் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். அவர் கேட்டது தன் காலுக்காக. நல்ல தண்ணீர் வந்ததால் வளைந்த எலும்பு நேராகிவிடாது. வலியில் இருக்கிறவருக்கு நாமாக ஒரு பதிலைத் தயார் பண்ணிக் கொடுப்பது தேவனுக்கு மகிமை சேர்க்காது. பெரியம்மாவே அந்தத் தண்ணீரைப் பிடிக்கும்போது ஸ்தோத்திரம் சொல்வார். ராத்திரி வலி வந்தால், "என் காலை மட்டும் மறந்துட்டீரா ஆண்டவரே" என்று அழுவார். இரண்டும் உண்மையான ஜெபம்தான்.

அப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னது? "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்றுதானே 13ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. 88ஆம் சங்கீதத்தில் கடைசி வசனம் வரை வெளிச்சமே வராது, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. ஆபகூக் தீர்க்கதரிசி முறையிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். வயல் விளையாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று அவர் சொல்வது அதற்கு அப்புறம்தான். மழை பொய்த்த வருஷத்தையும், கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பூவெல்லாம் உதிர்ந்த வருஷத்தையும் பார்த்தவர்களுக்கு அந்த வரியின் கனம் தெரியும். பவுல் மூன்று முறை கேட்டும் அவர் மாம்சத்தில் இருந்த முள் எடுபடவில்லை. கெத்செமனேயில் இயேசு அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஜெபித்தார். நீங்கும்படி அவர் கேட்ட பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. அவரிடம் விசுவாசக் குறைவு இருந்ததா?

நம் தமிழ்நாட்டிலேயே டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் இருக்கிறார். 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும் வரை பெரும்பாலும் படுக்கையிலும் அறையிலுமே இருந்தார். அவருக்காக ஜெபிக்க அங்கே ஆளா இல்லை? அவருடைய புத்தகங்களில் பல அந்தப் படுக்கையிலிருந்து எழுதியவை.

எங்கள் சபை மூப்பர்களிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். இன்னும் காத்திருக்கிறவர்களும் சாட்சி நேரத்தில் பேசட்டும். "கேட்டது கிடைக்கல, ஆனா கேட்கிறதை விடல" என்று ஒருவர் சொன்னால், அதற்கும் சபை ஆமென் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஜெபத்தைச் சாக்கு வைத்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்.

ஜெபிக்கவே முடியாத நாட்களும் வரும். அப்போது ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். அதற்கும் தெம்பில்லையா, நம்பிக்கையான இரண்டு பேரிடம் "எனக்காக நீங்க ஜெபம் பண்ணுங்க" என்று விட்டுவிடுங்கள். கப்பர்நகூமில் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கினார்களே, அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்றுதான் மாற்கு எழுதியிருக்கிறார். படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகவே இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் காத்துக் காத்துச் சபைக்கு வருவதையே நிறுத்தியவர்கள் இருந்தால், கமெண்டில் எதுவும் எழுத வேண்டாம். இன்பாக்ஸில் பெயரை மட்டும் அனுப்புங்கள், நானும் பெரியம்மாவும் ஜெபிக்கிறோம். ஏன், என்ன என்று விசாரிக்க மாட்டோம். "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லவும் மாட்டோம்.