'ஒனாசிஸின் காதலி'யாம்!

ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம், அதில் பாடிய மரியா காலஸுக்கு 'ஒனாசிஸின் காதலி' என்று சொல்லி நேற்று சுற்றிய அந்த 'அஞ்சலி'யைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பத்தி. அதில் ஏழு பத்தி கப்பல், அதன் சொந்தக்காரக் கோடீஸ்வரன் ஒனாசிஸ், அவர் பிறகு மணந்த ஜாக்குலின் கென்னடி. காலஸ் பாடினார் என்ற தகவல், போனால் போகிறதென்று எட்டாவதில் ஒரே வரி. கேட்டால், "ஓபரா உங்களுக்கு என்ன புரியும்?" என்கிறார் ஒருவர். சரி, புரியாது. இத்தாலியன் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் உழைப்புக்கும் கிசுகிசுவுக்கும் வித்தியாசம் தெரியும் சார்.

1949 ஜனவரி, வெனிஸ். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவில் புரூன்ஹில்டே வேடத்தில் காலஸ் பாடிக்கொண்டிருக்கிறார், தொண்டையின் மொத்த பலத்தையும் கேட்கிற வேடம். 'இ பூரித்தானி' என்ற இன்னொரு ஓபராவில் பாட வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட, இசை நடத்துநர் செராஃபின் இவரைக் கைகாட்டுகிறார். அதுவோ பிருகாக்களாக உதிர வேண்டிய பாட்டு. லாரி ஓட்டுகிறவரை அதே வாரம் கம்பி மேல் நடக்கச் சொன்ன மாதிரி. ஏறக்குறைய ஒரு வாரத்தில் படித்துப் பாடினார், வயது 25. நடத்துநரின் கைகூடச் சரியாகத் தெரியாத கிட்டப்பார்வை வேறு, அதனால் எல்லாமே மனப்பாடம். இதற்கு ஒரு பத்தி கிடையாதா?

1958 ஜனவரி 2, ரோம். காலஸ் பாடும் 'நோர்மா' ஓபராவைப் பார்க்க இத்தாலிய ஜனாதிபதியே வந்திருக்கிறார். தொண்டை ஒத்துழைக்கவில்லை, முதல் அங்கத்தோடு நிறுத்திவிட்டார். மாற்றுப் பாடகி தயாராக இல்லாதது யார் தப்பு? பழி மட்டும் 'திமிர்' என்று இவர் தலையில்.

என் அத்தை மெல்லிசைக் கச்சேரிகளில் பதினாறு வருஷம் பாடினார். ஒரு திருவிழாவில், ராத்திரி பதினொன்றரைக்கு, மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. மிளகும் பனங்கற்கண்டும் போட்ட வெந்நீர் ஃபிளாஸ்க், மூடியைத் திறக்க முடியாமல் கை நடுங்கியதை மேடை ஓரத்தில் நின்று பார்த்தேன். கீழே விசில். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களே "குரல் போச்சே, அந்த அம்மாதானே?" என்கிறார்கள். பதினாறு வருஷம் எங்கே போயிற்று?

"காதலும் வாழ்க்கைதானே" என்பீர்கள். ஆமாம், வாழ்க்கைதான். ஏழு பத்தி வாழ்க்கையா? "ஒனாசிஸுக்காகத்தானே பாட்டையே விட்டார்" என்பவர்களுக்கு: குரல் தளர்கிறது என்ற பேச்சு 1959இல் அந்த உறவு தொடங்கும் முன்பே இருந்தது. அதற்குப் பிறகும் 1965 வரை ஓபரா மேடை ஏறினார், 1971இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். சக கலைஞர்களிடம் கடுமை காட்டினாராம். காட்டியிருக்கட்டும். ஆண் வித்வான் கோபப்பட்டால் மட்டும் அது 'மேதைக்கே உரிய குணம்' ஆகிவிடுகிறது, இல்லையா?

அந்தப் பதிவை எனக்கு அனுப்பியதே அத்தைதான். கீழே கேட்டிருந்தார்: "படம் அழகா இருக்கு. யாருடா இவங்க, பணக்கார வீட்டம்மாவா?"

போன் போட்டு வெனிஸ் கதையைச் சொன்னேன். "ஒரு வாரத்துலயா?" என்றார். அப்புறம், "தொண்டைக்கு என்ன குடிச்சாங்களாம்?"