'மோஸ்ட் வான்டட்' புது டிரெய்லரா? ரசிகர் கைவேலை அது

'நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வான்டட்' என்ற கார் பந்தய கேமின் மறுஆக்கம் வருகிறது, இதோ டிரெய்லர் என்று ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அது அதிகாரபூர்வ டிரெய்லர் இல்லை. கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் இன்ஜின் 5-இல் ரசிகர்கள் செய்து பார்க்கும் கற்பனைக் காட்சி. செய்தவர்கள் பெரும்பாலும் அதை ஒளிப்பதில்லை, பகிர்பவர்கள்தான் 'ரசிகர் படைப்பு' என்ற வரியை வெட்டிவிடுகிறார்கள்.

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மழை நனைத்த சாலை, அந்த கேமின் அடையாளமான வெள்ளி நீல பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் கார், பின்னால் சைரன். எல்லாம் அட்டகாசம்தான்! ஆனால் போலீஸ் கார் ஒருமுறைகூட மோதாது, வேக முள்ளோ வரைபடமோ திரையில் தெரியாது. முடிவில் எந்த கேம் கருவியில் (பிளேஸ்டேஷன், கணினி போல) ஓடும் என்ற விவரமோ வயதுச் சான்றோ கிடையாது.

"எம்3 ஜிடிஆர் திரும்பிவிட்டதே, அதுவே ஆதாரம்" என்கிறார்கள். அந்தக் கார் இதே வரிசை கேம்களான 2019-இன் 'ஹீட்'டிலும் 2022-இன் 'அன்பவுண்ட்'டிலும் ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம், 2012-இல் கிரைட்டீரியன் நிறுவனம் 'மோஸ்ட் வான்டட்' என்ற அதே பெயரில் உருவாக்கியது தனி கேம்; 2005-இல் பிளாக் பாக்ஸ் நிறுவனம் செய்த முதல் கேமின் மறுஆக்கம் அல்ல. அதன் படங்களையும் இப்போது "கசிந்தவை" என்று சேர்த்துவிடுகிறார்கள்.

முன்பதிவு இணைப்பு என்று எதையாவது அனுப்பினால் பணம் கட்டாதீர்கள்.