டுகாட்டுக்கு வக்காலத்து வாங்க வருகிறவர்களுக்கு

எத்தனை பேரைக் கொன்றான் என்று எண்ணிப் பார்த்து வில்லனுக்கு மதிப்பெண் போடுகிற கூட்டத்தோடு இனியும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், இலங்கை மலையகத்து ஹட்டனில் நண்பர் ஒருவரின் கைபேசி திருத்தும் கடையில், ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர்களின் பைத்தியங்கள் நாங்கள் நாலைந்து பேர் கூடிவிடுவோம். தகரக் கூரையில் மழை கொட்டும், கத்தாமல் எதுவும் பேச முடியாது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒருவன் விரிசல் விழுந்த கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டுவான். திரையில் கறுப்பாய், சதுரமாய், மலை போன்ற ஒரு கப்பல், பிடித்தவர்களையெல்லாம் பாதி இயந்திரமாக்கித் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் போர்க் இனத்தின் கப்பல். "போர்க்கை விடப் பெரிய வில்லன் உண்டா மச்சான்?" என்பான். உண்டு, டுகாட் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

போர்க் பயங்கரம்தான், யார் இல்லை என்றது? 1990இல் கதையின் நாயகனான கப்டன் பிக்கார்டையே பிடித்துப் பாதி இயந்திரமாக்கி, அவர் வாயாலேயே சரணடையச் சொன்ன காட்சி இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அடுத்து நடந்த வுல்ஃப் 359 போரில் போர்க் அழித்தது 39 கப்பல்கள், ஏறக்குறைய 11,000 உயிர்கள். ஆனால் நம்மை உலுக்கியது பிக்கார்டின் முகம். போர்க்குக்கு ஏது முகம்? முகமில்லாத ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை காலத்துக்குக் கதை சொல்வது? அதனால்தான் 1996இல் வந்த திரைப்படத்தில் அவர்களுக்கு ஓர் அரசியைத் தேடிப்பிடிக்க வேண்டியதாயிற்று. பிறகு வாயேஜர் தொடரில் ஒற்றைக் கப்பல் அவர்களிடமிருந்து மீண்டும் மீண்டும் தப்பி வந்தது, இருந்த பயமும் போயிற்று. நம் மலையகத் தோட்டங்களில் மண்சரிவும்தான் லயன் வீடுகளோடு ஆட்களை விழுங்குகிறது. அதை யாராவது வில்லன் என்கிறோமா?

இன்னொரு வில்லனான கானைப் பற்றி ஒரு வரி போதும். அவனாக நடித்த மொன்டல்பானின் கம்பீரத்துக்கு நானும் ரசிகன், ஆனால் அவன் பழிவாங்க அலைந்தவன், அவ்வளவுதான்.

என் ஆள் டுகாட். 1993 முதல் 1999 வரை ஓடிய டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் மார்க் அலைமோ நடித்த அந்தக் கார்டேசியன். பஜோர் என்ற கிரகத்தைக் கார்டேசியர்கள் அரை நூற்றாண்டு அடக்கியாண்டு, மக்களை முகாம்களில் அடைத்து, மண்ணிலிருந்த கனிமத்தையெல்லாம் சுரண்டினார்கள். கதை நடக்கிற விண்வெளி நிலையமே பஜோர் மக்கள் கட்டாய வேலை செய்த கனிம ஆலைதான். அந்த ஆட்சியின் கடைசி மேலதிகாரி டுகாட். குரலை உயர்த்த மாட்டான். பிள்ளைக்குப் புத்தி சொல்லும் தகப்பன் மாதிரி சிரித்துக்கொண்டே பேசுவான். அந்தச் சிரிப்பில்தான் பாதிப் பேர் கவிழ்ந்து விழுகிறார்கள்.

போர்க் ரசிகர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு இரத்தம் கொதிப்பது கூட்டத்தில் இளையவனான தம்பி ஒருவன் பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே, "அவன் பக்கமும் நியாயம் இருக்கிறதே அண்ணன்" என்று தொடங்கும்போதுதான். நியாயம் என்ன என்று கேட்டால் விரலை மடக்கி எண்ணுவான். முகாம்களின் உற்பத்தி இலக்கைப் பாதியாகக் குறைத்தானாம். சிறுவர் வேலையை நிறுத்தினானாம். மருந்து கொடுத்தானாம், சாப்பாட்டைக் கூட்டினானாம், ஒரே மாதத்தில் சாவு 20 சதவீதம் குறைந்ததாம். இதெல்லாம் யார் சொன்ன கணக்கு? டுகாட்டே தன் வாயால் சொன்னது! 1998இல் வந்த பாகம் அது. ரொனால்ட் மூர் எழுதியது. கைமுறிந்து கிடக்கும் நிலையத் தலைவர் சிஸ்கோவை ஒரு குகையில் வைத்துக்கொண்டு, தன்னை நல்லவன் என்று ஒப்புக்கொள் என்று கெஞ்சி, மிரட்டி, கடைசியில் அடித்தும் பார்க்கிறான். எதிர்ப்பாளர்கள் வெடிவைத்து இருநூறு பேர் இறந்ததற்கு இருநூறு பஜோர் மக்களைப் பிடித்துக் கொன்றதையும் அதே மூச்சில்தான் சொல்கிறான், நிர்வாகச் செலவுக் கணக்கை ஒப்புவிப்பதுபோல. அந்தக் கிரகத்தில் தனக்கு ஒரு சிலைகூட இல்லையே என்பதும் அவனுக்கு மனக்குறை. சிலை! முகாமில் செத்தவர்களின் பிள்ளைகள் சந்தா சேர்த்துக் கட்டியிருக்க வேண்டுமாக்கும்.

இதை வேறு ஊர்க்காரன் புரிந்துகொள்ளாவிட்டால் போகட்டும். நம் ஊர்க்காரனுக்குமா விளங்கவில்லை? தோட்டத்தில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் வரிசையில் நின்ற பரம்பரை நாம். தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு கையில் இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாத காலம் இருந்தது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. கடனை அடைத்தால் ஆளை விடுவோம் என்று எழுதியதுதான் அந்தத் துண்டு, கடனை அடைக்காமல் ஆள் நகர முடியாது. அந்தக் காலத்திலும் ஒரு நல்ல துரை இருந்திருப்பார், மறுக்கவில்லை. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் பால் மா அனுப்பியிருப்பார், காய்ச்சல் வந்தவளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்திருப்பார். அதற்காகக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் டுகாட் பிறக்கிறான். எங்கள் வீட்டில் தீபாவளி முற்பணம் வந்த அன்று பெரிய சந்தோஷமாக இருக்கும். அடுத்த மாதத்திலிருந்து சம்பளச் சீட்டில் அது வெட்டுப்பட்டு வரும். அம்மா அந்தச் சீட்டை விளக்குக்குக் கிட்டே பிடித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்ப்பார். நிறுவையில் கொழுந்து குறைந்த நாட்கள் அரைப்பேராக, அரைநாள் சம்பளமாக விழுந்திருக்கும். இலக்கைக் குறைத்தவன் நல்லவன் என்று என் முன்னால் நின்று சொல்கிற தம்பியின் அம்மாவும் மலையில் கொழுந்து பறித்தவர்தான். இலக்கு வைக்கும் அதிகாரத்தை அவனுக்கு யார் கொடுத்தது என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை என்றால் நான் யாரோடு பேசுவது?

கதை எழுதியவர்கள் மத்தியிலேயே, பஜோர் விடுதலைக்குப் போராடிய கீராவுக்கும் டுகாட்டுக்கும் காதல் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்ததாம். கீராவாக நடித்த நானா விசிட்டர் முடியவே முடியாது என்று நின்றார். அந்த அம்மாவுக்குக் கோடி நமஸ்காரம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் பருவத்தின் கடைசிக்கு முந்தைய பாகத்தில் மாரிட்சா என்று ஒருவர் வருவார். கொலைமுகாம் ஒன்றில் கோப்பு எழுதிய குமாஸ்தா, நம் பாஷையில் கணக்கப்பிள்ளை. கொன்றவர் அல்ல. இரவில் கேட்ட அலறலுக்குக் காதைப் பொத்திக்கொண்டவர். அந்தக் குற்றவுணர்வு தாளாமல், செத்துப்போன தளபதியின் முகத்தைத் தன் முகமாக மாற்றிக்கொண்டு, தன்னைத் தூக்கிலிடுங்கள் என்று வந்து நிற்பார். தன் இனம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக. பேனா பிடித்தவனுக்கு இருந்த வெட்கத்தில் ஒரு துளி, உத்தரவு போட்ட டுகாட்டுக்கு ஏழு பருவம் முடியும்வரை வரவில்லை. இரண்டையும் ஒரே தொடரில் வைத்தார்களே, இதைப் பார்த்த பிறகுமா கப்பலின் அளவைப் பேசுவது?

இரண்டாம் இடத்துக்கு வேண்டுமானால் சண்டைக்கு நான் தயார். என் ஓட்டு பஜோரின் மதத்தலைவியான 'கை' வின்னுக்கு. லூயீஸ் பிளெட்சர் அந்த வேடத்தில் எல்லோரையும் பிள்ளாய் என்று கூப்பிடும்போதெல்லாம் கையில் இருப்பதைத் தூக்கித் தொலைக்காட்சியில் எறியத் தோன்றும். அது வேறு வழக்கு, பிறகு பார்க்கலாம். டுகாட் விஷயத்தில் மட்டும், அந்தக் குகைக் காட்சி வரும் ஆறாம் பருவத்தின் பதினோராம் பாகத்தை முழுதாகப் பார்க்காமல், கைபேசியில் இரண்டு நிமிடத் துண்டுக் காட்சியைப் பார்த்துவிட்டு நியாயம் பேச வருகிறவன் இனி அந்தக் கடையில் தன் பிளேன்டீக்குத் தானே காசு கொடுக்கட்டும். இதுவரை நான்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.