பெட்டி இருக்கட்டும், பொந்தை விட்டுவையுங்கள்

போன மாதம் பாலக்கோடு பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். 'தேனீயைக் காப்போம்' என்று பேனர். இரண்டு மணி நேரப் பேச்சும் தேனீ வளர்க்கும் பெட்டியைப் பற்றித்தான். எத்தனை பெட்டி, எவ்வளவு மானியம், கிலோ என்ன விலைக்குப் போகும். வெளியே வந்து டீ குடிக்கும்போது அண்ணாந்து பார்த்தால், எதிரே தண்ணீர் டேங்கின் அடியில் கரி படிந்து கிடக்கிறது. மலைத்தேனீ அடை இருந்த இடம். "பந்தத்தைக் காட்டினதும் மழை மாதிரி கொட்டுச்சுங்க, காலையில கூட்டித்தான் அள்ளுனோம்" என்றார் டீக்கடைக்காரர்.

பெட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. அது ஆடு மாடு வளர்ப்பதைப் போல ஒரு தொழில், செய்யட்டும். ஆனால் கோழிப்பண்ணை வைத்துக் காட்டுக்கோழியைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாராவது சொல்வார்களா?

மலைத்தேன், பொந்துத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் என்று நாலு சொல்வோம். இதில் மலைத்தேனீயையும் கொம்புத்தேனீயையும் எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது. இரண்டும் திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டுபவை. மலைத்தேனீயின் அடை ஒரு மீட்டர் அகலம்கூடப் போகும். பூ முடிந்ததும் அடையை அப்படியே விட்டுவிட்டு எங்கோ போய்விடும், அடுத்த பருவத்தில் பல சமயம் அதே மரத்துக்கே திரும்பும். கிளம்பிப் போன வேலைக்காரத் தேனீக்கள் அதற்குள் செத்திருக்கும், வருவது அடுத்தடுத்த தலைமுறை. வழி எப்படித் தெரிகிறது என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது.

பென்னாகரத்தில் எங்கள் பாட்டி வீட்டு மண்சுவரில் பொந்துத்தேனீ இருக்கிறது. அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு ஓட்டை, அதன் விளிம்பு கால் பட்டுப் பட்டு மெழுகு பூசியது மாதிரி பழுப்பாக மின்னும். வெயில் ஏறினால் நாலைந்து தேனீ வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறும். நம் பொந்துத்தேனீ முகத்தை வெளியே காட்டி நின்று காற்றை உள்ளே தள்ளும். பெட்டிக்காரர்கள் 'இத்தாலியன்' என்று சொல்கிற தேனீ அப்படியே நேர்மாறு, வாசலைப் பார்த்து நின்று உள்காற்றை வெளியே இழுக்கும். சின்ன வயதில் இது தெரியாமலே மணிக்கணக்காக வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

இந்தச் சுவர்க்கூட்டத்துக்கு யாரும் மருந்து வைத்ததில்லை, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியதில்லை. உலகம் முழுக்கப் பண்ணைக்காரர்களை அழவைக்கிற வரோவா உண்ணி பொந்துத்தேனீக்குப் பழைய பங்காளி. ஒரு தேனீ மேல் ஒட்டியிருக்கும் உண்ணியை இன்னொன்று பிடுங்கிப் போட்டுவிடும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் தேனீப் புழு இருக்கும் அறையில்தான் பெருகும். இத்தாலியனுக்கு இந்தப் பழக்கம் குறைவு. ஆனால் அங்கேயும் காடு ஒரு பாடம் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஆர்னாட் காட்டில் தாமஸ் சீலி என்ற தேனீ ஆய்வாளர் 1978இல் அதே இனத்தின் காட்டுக்கூட்டங்களைக் கணக்கெடுத்தார். உண்ணி வந்து சேர்ந்த பிறகு, 2002இல் மறுபடி போனபோதும் ஏறக்குறைய அதே அளவு இருந்தன. யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. தாங்காதவை செத்தன, தாங்கியவை பெருகின.

நம் ஊரிலும் 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் 'தாய் சாக் புரூட்' (Thai sacbrood) வைரஸ் வந்து தென்னிந்தியாவில் பொந்துத்தேனீ வளர்த்த பெட்டிகளில் பெரும்பகுதியைக் காலி செய்தது. தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் திரும்பப் பெருக்கினார்கள். அடுத்த நோய் வந்தால் விதைத்தேனீ எங்கே இருக்கும்? பொந்தில், சுவரில், புற்றில்.

அந்தப் பொந்தைத்தான் நாம் அடைக்கிறோம். ரோட்டை அகலப்படுத்தினால் முதலில் விழுவது வயசான புளியமரம். தர்மபுரியில் புளி வியாபாரம் எவ்வளவு பெரிசு என்று சொல்ல வேண்டியதில்லை, புளியம்பூவில் வேலை செய்வது இந்தத் தேனீக்கள்தான். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் கதை வேறு மாதிரி. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் தத்துப்பூச்சிக்குப் பயந்து பூவிலேயே மருந்து அடிக்கிறார், அதுவும் காலை ஒன்பது மணிக்கு. மாம்பூவுக்கு ஈயும் வரும், தேனீயும் வரும், இரண்டும் அடிபடும். பூ விரிவதற்கு முன்னால் அடித்திருக்கலாம். முடியாது என்றால் பொழுது சாய்ந்த பிறகாவது.

சரி, மலைத்தேனீ கொட்டினால் ஆள் சாகிறதே என்பீர்கள். உண்மைதான், பள்ளிக்கூட வாசலில் அடை இருந்தால் நானும் அகற்றத்தான் சொல்வேன். ஆனால் எட்டாத உயரத்தில், யாரும் கல் எறியாத இடத்தில் இருப்பதை ஏன் கொளுத்த வேண்டும்? சில மாதத்தில் தானே போய்விடும். தேன்தான் வேண்டும் என்றால் புகை போட்டு, மேலே ஒரு ஓரமாகத் தடித்திருக்கும் தேன் பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு, புழு இருக்கும் பகுதியை விட்டுவிடலாம். காடு தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பாட்டி வீட்டுக்கு இப்போது சித்தப்பா சிமெண்ட் மூட்டை இறக்கியிருக்கிறார். அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு முழம் விட்டுப் பூசச் சொன்னேன். "ஏண்டா, வீடு உனக்கா பூச்சிக்கா?" என்று கேட்டார். கொத்தனார் சிரித்துக்கொண்டே சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.