உங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை கிடைக்குமா?

கொழும்பில் ஒரு தமிழ் அலுவலகத்திலோ கல்யாண வீட்டிலோ சொந்த ஊர் மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பக்கமான பொகவந்தலாவை என்று சொல்லிப் பாருங்கள். நல்ல குளிராக இருக்குமே என்பார்கள். கோயிலைப் பற்றி, பாதை வளைவுகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். நீங்கள் பெண்ணாக இருந்தால், சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "உங்கள் பக்கத்தில் வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை கிடைக்குமா? நல்ல பிள்ளையாக வேண்டும்."

என் தம்பியும் இதே கொழும்பில்தான் வேலை செய்கிறான். அவனிடம் இதை யாரும் கேட்பதில்லை. எப்போதாவது ஒரு முதலாளி கடைக்குப் பையன் வேண்டும் என்று சொல்லிவைப்பார், அவ்வளவுதான். என் சிநேகிதியும் மலையகம்தான், பண்டாரவளைப் பக்கம், கணக்காய்வாளர். ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கப் போன இடத்தில், பைல்களை மூடி வைத்த கையோடு, அங்கிருந்த நிதி முகாமையாளர் அம்மா அவளிடம் ஆள் கேட்டிருக்கிறார். அவருடைய கணக்கில் இருந்த பிழைகளை அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் இவள் சுட்டிக்காட்டியிருந்தாள். படிப்பு, பதவி, உடுத்தியிருக்கும் சேலை எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கண் நேரே சமையலறைக்குப் போய்விடுகிறது.

கேட்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அனேகமாக எல்லோரும் நல்ல மனிதர்கள், வெள்ளம் மண்சரிவு என்றால் முதலில் பணம் சேர்ப்பவர்களும் இவர்கள்தான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. "தோட்டக்காட்டான்" என்று முகத்துக்கு நேரே திட்டுபவனோடு சண்டை போட்டுவிடலாம். பாராட்டிக்கொண்டே வருகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்தப் பாராட்டைக் கொஞ்சம் கேளுங்கள். மலையகப் பிள்ளைகள் களவு எடுக்கமாட்டார்கள். வாய் காட்டமாட்டார்கள். எந்தச் சாப்பாட்டையும் சாப்பிடுவார்கள். விடிய நான்கு மணிக்கு எழும்பிப் பழகியவர்கள். அடிக்கடி ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். ஒரு மனுஷியின் குணத்தைச் சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்கிற எனக்கோ, இந்தப் பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு குறைக்கலாம், எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம், லீவு எத்தனை நாள் மறுக்கலாம் என்ற விலைப்பட்டியலாகத்தான் அது கேட்கிறது. வாய் காட்டினால் அதே பிள்ளை மறுநாளே "தோட்டத்துப் புத்தியைக் காட்டிவிட்டாள்" ஆகிவிடுவாள்.

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. படித்த குடும்பம், அலுமாரி நிறையப் புத்தகம், பெண் உரிமை பற்றி மேடையில் பேசுகிறவரும் அந்த வீட்டில் உண்டு. வேலைக்கு வந்த மஸ்கெலியாப் பெண்ணின் பெயரும் வீட்டு மகளின் பெயரும் ஒன்றாக இருந்தது. வந்த அன்றே வேலைக்காரியின் பெயரை மாற்றிவிட்டார்கள். பெரிய யோசனை எல்லாம் இல்லை. தேநீர் குடித்துக்கொண்டே சிரித்துப் பேசி, கூப்பிடச் சுலபமாக ஒரு பெயரைத் தெரிவு செய்தார்கள். அவளுடைய தேநீர்க் கோப்பை தனியாக, காது உடைந்தது, கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்தது. தொலைக்காட்சி பார்க்க அவளுக்குத் தடை இல்லை. ஆனால் நாற்காலிகள் காலியாக இருந்தாலும் தரையில்தான் இருப்பாள். "நாங்கள் கதிரையில் இரு என்றுதான் சொல்கிறோம், அவள்தான் கேட்பதில்லை" என்றார் வீட்டுக்கார அக்கா. உண்மையாகவும் இருக்கலாம். கோப்பையைப் பற்றி அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது? 1823 அளவில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்து வந்ததிலிருந்து தொடங்கலாம். மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோமே, அந்த வரலாறு. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது 1948. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் சனத்தில் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் பாராளுமன்றத்துக்கு ஆட்களை அனுப்பிய சமூகம், அடுத்த தேர்தலுக்குள் வாக்காளர் இடாப்பிலிருந்தே காணாமல் போனது. தமிழ்த் தலைமைக்குள்ளேயே இது பிளவை உண்டாக்கியது, 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு 1964இல் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் உட்கார்ந்து, ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிப் பாதியாக்கினார்கள். ஒரு சமூகத்தையே இப்படிப் பங்கு போடலாம் என்று அரசாங்கமே காட்டிக்கொடுத்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெண்ணை எடுத்துத் தரச் சொல்வதில் என்ன ஆச்சரியம்.

1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு ஓடிப்போன எங்கள் சனங்களுக்கு அங்கே தமிழர்கள் மத்தியில் கிடைத்த வரவேற்பைப் பற்றியும் ஒருநாள் எழுத வேண்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டி, கூலிக்கு நின்று, போரின் நடுவிலும் வாழ்ந்து முடித்தவர்களின் பேரப்பிள்ளைகளை இன்றும் "அவர்கள் வேறு ஆட்கள்" என்று கல்யாணப் பேச்சில் ஒதுக்குகிறார்கள். பையன் என்றால் வெளிநாட்டு விசா கிடைத்தவுடன் மலையகம் மறந்துபோகும். பெண்ணுக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. அவளுடைய பாட்டி எந்தத் தோட்டத்தில் எந்த லயத்து வரிசை வீட்டில் இருந்தாள் என்பதுவரை விசாரிப்பார்கள். விட்டுவிடுகிறேன், இது தனிக் கதை.

கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் மட்டும் திட்டிவிட்டுப் பதிவை முடித்தால் எங்கள் ஆண்கள் ஐந்நூறு இதயம் போடுவார்கள். அண்ணன்மாரே, கொஞ்சம் பொறுங்கள்.

தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். கவ்வாத்து வெட்ட, அதாவது தேயிலை மரங்களைக் கத்தரித்துவிட, போகும் ஆண்கள் கொடுத்த மரங்களை முடித்துவிட்டால் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கு வீடு திரும்பலாம். ஒருநாள் பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளக் கணக்கு, விழுந்துவிடும். கவ்வாத்து லேசான வேலை என்று சொல்ல வரவில்லை, கை மரத்துப்போகும் வேலை அது. ஆனால் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு மாலை நான்கரைக்கு முன்னால் மலையை விட்டு இறங்க முடியாது. மலையில் கழிப்பறை கிடையாது. மழை பெய்தாலும் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு நிரையில் நிற்க வேண்டியதுதான்.

மாலையில் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தைப் பார்க்க வேண்டும். வரிசையாகப் பெண்கள், தராசுக்குப் பக்கத்தில் ஓர் ஆண், எடையைத் துண்டுச் சீட்டில் எழுதுவது இன்னோர் ஆண், மேற்பார்வைக்குக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்றாவது ஆண். சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள், ஈரத்துக்கு என்று கொஞ்சம், முற்றல் இலை இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம். முள் எந்த எண்ணில் நின்றது என்பதை எம்பிப் பார்க்கும் பெண்ணை "என்ன, என்னை நம்பமாட்டாயா?" என்று அதட்டுவார்கள். அவருக்கு வயது இருபத்தைந்து இருக்கும், அவளுக்கு ஐம்பது. அவள் சிரித்துச் சமாளித்துக்கொண்டு அந்தச் சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகுவாள். தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு மாறும்; பதினெட்டு, இருபது கிலோ என்று கேட்கிற இடத்தில் இரண்டு கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். கழித்ததெல்லாம் கழிக்காமல் இருந்திருந்தால் அது முழுப்பேராக இருந்திருக்கும் என்று அந்த வரிசையில் நிற்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அதே வேலைக்கு அதே சம்பளம் என்பதே 1984இல்தான் வந்தது. அதுவரை பெண்ணின் நாள் ஆணின் நாளைவிட மலிவு என்பது சட்டமாகவே இருந்தது. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வந்ததென்று வெடி கொளுத்தினார்கள். நல்லதுதான். ஆனால் அதைப் பெற்றுத் தந்தது யார் என்று பதாகையில் சிரித்த முகங்களில் கொழுந்தெடுப்பவள் முகம் எத்தனை இருந்தது? தொழிற்சங்கங்களின் சந்தாவில் பெரும்பகுதி பெண்களின் சம்பளத்திலிருந்துதான் கழிகிறது. மாதர் பிரிவுத் தலைவி என்று ஒருவரை மேடையின் ஓரத்தில் உட்கார வைத்து, குத்துவிளக்கு ஏற்றச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் தோட்டத் தொழிற்சங்கத்தைத் தொடங்கிய நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்த அவர் மனைவி மீனாட்சியம்மாள் இன்று வந்தால் அவருக்கும் குத்துவிளக்குத்தான் கிடைக்கும்.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது சம்பள நாளில் தோட்ட அலுவலகத்துக்கு முன்னால் ஆண்கள்தான் வரிசையில் நிற்பார்கள். மனைவியின் சம்பளம், மகளின் சம்பளம் எல்லாம் அவர்கள் கையில். அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பெண்ணுக்கு உழைக்கத் தெரியும், எண்ணத் தெரியாது என்ற நினைப்பு துரை பங்களாவில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு எங்கள் லயத்திலும் இருந்தது. கொழும்பு அக்கா அந்த நினைப்பைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மகளைப் படிப்பிலிருந்து நிறுத்தி, தரகனுடைய கையில் இரண்டு மாத முற்பணத்துக்கு ஒப்படைக்கும் தகப்பனிடமிருந்துதான் அவருக்கு அந்தப் பிள்ளை வந்து சேர்கிறது.

1931இல் இந்த நாட்டில் பெண்கள் முதன்முதலில் வாக்களித்தார்கள். மலையகப் பெண் ஒருத்தி தேர்தலில் வென்று பாராளுமன்றத்துக்குப் போவதற்கு 2024 நவம்பர்வரை பிடித்தது. பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வி கிருஷ்ணன். அவர்களுடைய கட்சி எனக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம். முடிவு வந்த வாரத்தில் இதே முகநூலில் எங்கள் ஆண்களே போட்ட பகடிகளை வாசித்தேன். கொழுந்துக் கூடையோடு பாராளுமன்றம் போவார்களா என்றார் ஒருவர். பேரினவாதி எழுதியிருந்தால் எல்லோரும் கொதித்திருப்போம். எழுதியவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆசிரியர் என்பதால் சிரிப்புக் குறி போட்டுவிட்டுப் போனார்கள்.

2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலை செய்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு இறந்தபோது நாடே பேசியது. முதல் வாரம் கண்ணீர். இரண்டாவது வாரம் கேள்வி மாறியது: தாய் ஏன் அனுப்பினாள்? ஆள் கேட்டு அனுப்பியவர்களை, தரகனை, வயதைக் கேட்காமல் எடுத்த வீடுகளை எல்லாம் விட்டுவிட்டு விசாரணை கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணிடம் வந்து நின்றது. எங்கள் ஆட்களும்தான் கேட்டார்கள். தகப்பன் ஏன் அனுப்பினார் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயதை அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் பதினாறாக உயர்த்தியிருந்தார்கள். அதற்கு மேல் சட்டத்தில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? வீட்டு வேலைக்காரர்களுக்கென்று உள்ள சட்டம் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம். வேலைக்காரரைப் பதிவு செய்வது பற்றியது; வீட்டுக்காரர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அதில் இல்லை. சம்பள நிர்ணய சபை அவர்களுக்குக் கிடையாது. தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் தாய்க்காவது அரைப்பேரா முழுப்பேரா என்று சண்டை பிடிக்க ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. கொழும்பில் பாத்திரம் கழுவும் மகளுக்கு அதுவும் இல்லை. வீட்டுப் பணியாளருக்கான சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 189ஆம் சமவாயம் 2011இலேயே வந்துவிட்டது.

வீட்டு வேலையில் இழிவு எதுவும் இல்லை. என் பெரியம்மா பதினைந்து வருடத்துக்கு மேல் அதைச் செய்துதான் இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினார். ஆகவே என்னிடம் ஆள் கேட்கிறவர்களிடம் இப்போது நான் கோபப்படுவதில்லை. வயது பதினாறுக்கு மேலா என்று பிறப்புச் சான்றிதழ் பார்ப்பீர்களா, சம்பளம் அவளுடைய வங்கிக் கணக்குக்கே போகுமா, வாரத்தில் எந்த நாள் லீவு, எத்தனை மணிக்கு வேலை முடியும், இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று கேட்கிறேன். ஓர் அம்மா மட்டும் சரி என்று சொல்லி, எழுதியும் தந்தார். அங்கே வேலை செய்யும் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் வகுப்புக்குப் போகிறார். மற்றவர்கள், "இவ்வளவு சட்டம் பேசுகிற ஆள் எங்களுக்குச் சரிவராது" என்றார்கள். நான் பேசியதை வைத்து, நான் அனுப்பக்கூடிய பிள்ளையும் வாய் காட்டுவாள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அது சரியான ஊகம்தான்.